பெனிசிலின் கண்ட பேரறிஞர்

மக்களுக்கு இடையூறு விளைக்கும் பகைகளுள் கண்ணுக்குப் புலனாகாத பகையே மிகக் கொடியது. எதிரே வரும் விலங்கினைக் கண்டு விலகிச் செல்லலாம். பெருகி வரும் வெள்ளத்திற்கு அணை கோலலாம். ஓர் ஊசிமுனையில் எண்ணிறந்தனவாகத் தங்கும் நுண்கிருமிகளுக்கு எங்ஙனம் ஒளிவது? 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவ உலகம் இவ்வினாவிற்கு முழுமையான விடை காண இயலாது திகைத்து நின்றது. காலில் தைத்த முள்ளாலும், முகம் மழிக்குங்கால் உண்டான சிறு கீறலாலும் இரத்தம் நஞ்சாகி இறந்தோர் பலர். மகப்பேற்றுக்குப் பின் வந்த காய்ச்சலால் மாண்ட தாய்மார் பலர். நிமோனியா என்னும் நுரையீரல் நோய் முற்றினால் பிழைத்தெழுவது அரிதாக இருந்தது. மருத்துவர் அருகிலேயே இருந்தும், நோயின் வேரை அறுக்கும் மருந்து அவர் கையில் இல்லை. அந்நிலையை மாற்றிய அரிய மருந்தே பெனிசிலின். அதனை முதன்முதலாகக் கண்டறிந்த பெருமை அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞரைச் சாரும்.

இளமையும் கல்வியும்

ஸ்காட்லாந்தில் அயர்ஷயர் என்னும் பகுதியில் டார்வெல் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரை அடுத்த லாக்ஃபீல்டு என்னும் பண்ணையில் 1881ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் பிளெமிங் பிறந்தார். அவர் தந்தையார் ஹியூ பிளெமிங் உழுதொழில் செய்து வாழ்ந்தவர். தாயார் பெயர் கிரேஸ். அக்குடும்பத்தின் மக்கள் எண்மருள் பிளெமிங் ஏழாமவர். அவர் ஏழு வயதுச் சிறுவராக இருந்தபொழுதே தந்தையார் இயற்கை எய்தினார். தாயாரும் மூத்தோரும் பண்ணையைக் காத்துக் குடும்பத்தைப் பேணினர்.

பண்ணையைச் சூழ்ந்து புல்வெளிகளும் ஓடைகளும் இருந்தன. சிறுவர் பிளெமிங் பள்ளிக்கு நெடுந்தொலைவு நடந்து சென்று வந்தார். செல்லும் வழியில் பறவைகளின் கூடுகளையும், ஓடையில் நீந்தும் மீன்களையும், புதரில் பதுங்கும் முயல்களையும் உற்றுநோக்குவது அவர்தம் வழக்கமாயிற்று. பிறர் காணாது விட்ட சிறு பொருளையும் கண்டு கொள்ளும் கூரிய பார்வை அவருக்கு அந்நாளிலேயே வாய்த்தது. பிற்காலத்தில் அவருக்குப் பெரும்புகழை ஈட்டித் தந்ததும் அப்பார்வையே ஆகும்.

பதின்மூன்று வயதளவில் பிளெமிங் இலண்டன் மாநகருக்குச் சென்றார். அங்கே அவருடைய தமையனார் தாமஸ் மருத்துவராகப் பணியாற்றி வந்தார். தொழிற்கல்வி நிலையம் ஒன்றிற் சிறிது காலம் பயின்றபின், பிளெமிங் கப்பல் வணிக நிலையம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்தார். அவ்வேலையில் அவர் உள்ளம் பற்றவில்லை. ஆயினும் நான்கு ஆண்டுகள் அதனைப் பிழையின்றிச் செய்தார். அவ்வேளையில் உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற செல்வத்தில் ஒரு பகுதி அவருக்குக் கிடைத்தது. அதனைக் கொண்டு மருத்துவம் பயிலுமாறு தமையனார் அறிவுரை கூறினார். அவ்வாறே 1901ஆம் ஆண்டில் இலண்டனில் உள்ள தூய மேரி மருத்துவமனையைச் சார்ந்த கல்லூரியிற் சேர்ந்து, பரிசுகள் பல பெற்று, 1906ஆம் ஆண்டில் மருத்துவத் தேர்வில் வெற்றி கண்டார்.

பிளெமிங் துப்பாக்கி சுடுவதில் வல்லவர். அவர் கல்லூரியை விட்டு நீங்கினால் சுடுகலைக் குழு ஒரு நல்ல வீரரை இழக்கும் என்று அதன் தலைவர் எண்ணினார். ஆதலின் அக்கல்லூரியிலேயே, ஆல்ம்ராத் ரைட் என்னும் புகழ்வாய்ந்த அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியேற்குமாறு செய்தார். விளையாட்டின் பொருட்டு நுழைந்த அவ்விடமே பிளெமிங்கின் வாழ்நாள் முழுமைக்கும் பணிக்களம் ஆயிற்று.

போர்முனையில் கற்ற பாடம்

1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. பிளெமிங் இராணுவ மருத்துவராகப் பிரான்சு நாட்டுக் கடற்கரை நகரமாகிய பூலோனுக்குச் சென்றார். அங்கிருந்த மருத்துவமனைக்குக் குண்டுபட்ட வீரர்கள் நாள்தோறும் வந்து குவிந்தனர். குண்டினால் உடனே இறவாதோரும், காயத்திற் சீழ்பிடித்துச் சில நாள்களில் மாண்டனர். அக்காலத்து மருத்துவர் கிருமிகளைக் கொல்லும் கடுமையான நீர்மங்களைக் காயத்தில் ஊற்றிக் கழுவினர். அதனால் நலம் விளையும் என்று அனைவரும் நம்பினர்.

பிளெமிங் அந்நம்பிக்கையை ஆராய்ந்து பார்த்தார். வெடிகுண்டாற் சிதைந்த காயத்தில் சந்துபொந்துகள் பல இருக்கும் அன்றோ? அதுபோலவே கூரிய முனைகள் பல அமைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றை அவர் உருக்கிச் செய்தார். அதனைக் கிருமிகள் நிறைந்த நீரால் நிரப்பி வெறுமையாக்கினார்; பின்னர்க் கிருமிக்கொல்லி நீரை ஊற்றினார். அந்நீர் முனைகளின் அடிவரை சென்று சேரவில்லை. அங்கே கிருமிகள் உயிருடன் இருந்தன. மேலும், அக்கடும் மருந்துகள் கிருமிகளைக் கொல்வதற்கு முன்னரே, உடலைக் காக்கும் வெள்ளணுக்களை அழித்தன என்பதையும் அவர் கண்டார். பகைவரைக் கொல்லப் போந்த மருந்து காவலரைக் கொன்றது. உடலுக்குத் தீங்கு செய்யாது கிருமியை மட்டும் அழிக்கும் பொருள் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

போர் முடிந்தபின் அவர் தம் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பினார். 1921ஆம் ஆண்டில், சளி பிடித்த மூக்கினின்று எடுத்த நீர் சில கிருமிகளைக் கரைப்பதைக் கண்டார். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் முட்டையின் வெண்கருவிலும் அத்தகைய பொருள் இருப்பது தெரிந்தது. அதற்கு லைசோசைம் என்று பெயரிட்டார். அது கொடிய நோய்க்கிருமிகளை அழிக்கும் ஆற்றல் உடையதன்று. ஆயினும், உடலுக்குக் கேடு செய்யாமற் கிருமிகளை அழிக்கும் பொருள்கள் இயற்கையில் உண்டு என்பது இதனாற் புலனாயிற்று.

பூசணம் பூத்த தட்டு

1928ஆம் ஆண்டு ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் சீழ்க்கிருமியைப் பற்றிப் பிளெமிங் ஆராய்ந்து வந்தார். கண்ணாடித் தட்டுகளிற் கூழ் போன்ற உணவை இட்டு, அதில் அக்கிருமிகளை வளர்ப்பது ஆய்வாளர் முறை. பிளெமிங் பயன்படுத்திய தட்டுகளை உடனே கழுவி வைப்பவர் அல்லர். அவற்றைப் பல நாள் மேசைமேல் விட்டு வைத்து மீண்டும் பார்ப்பார். அவ்வாண்டுக் கோடையில் தட்டுகளை அவ்வாறே விட்டு, விடுமுறைக்காக வெளியூர் சென்றார். செப்டம்பர்த் திங்கள் 3ஆம் நாள் திரும்பி வந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினார்.

ஒரு தட்டின் ஓரத்தில் பழைய ரொட்டியிற் படர்வது போன்ற பூசணம் பூத்திருந்தது. காற்றில் மிதந்து வந்த பூசண வித்து ஒன்று அதில் விழுந்து முளைத்திருத்தல் வேண்டும். தட்டு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பிறர் அதனை எறிந்திருப்பர். பிளெமிங்கின் கண்களோ அங்கே ஒரு புதுமையைக் கண்டன. தட்டின் பிற பகுதிகளிற் கிருமிகள் கூட்டங்கூட்டமாகச் செழித்திருந்தன. பூசணத்தைச் சூழ்ந்த பகுதியில் மட்டும் அவை கரைந்து மறைந்திருந்தன. பூசணத்தினின்று கசிந்த ஏதோ ஒரு பொருள் கிருமிகளை அழித்துள்ளது என்று அவர் உணர்ந்தார்.

அப்பூசணம் பெனிசிலியம் என்னும் வகையைச் சார்ந்தது. அதனை நீரில் வளர்த்துச் சாற்றை வடித்தார். 800 மடங்கு நீர் கலந்த பின்னரும் அச்சாறு சீழ்க்கிருமிகளின் வளர்ச்சியைத் தடுத்தது. தொண்டைப்புண், நிமோனியா, தொண்டை அடைப்பான் ஆகிய நோய்களின் கிருமிகளும் அதற்கு அடங்கின. நச்சுக்காய்ச்சல் எனப்படும் டைபாய்டின் கிருமி அடங்கவில்லை. முயலின் உடலிலும் எலியின் உடலிலும் செலுத்திப் பார்த்தபோது தீங்கு எதுவும் விளையவில்லை. வெள்ளணுக்களும் கெடவில்லை. போர்முனையில் அவர் வேண்டி நின்ற பொருள் இதுவே அன்றோ? 1929ஆம் ஆண்டு அதற்குப் பெனிசிலின் என்று பெயரிட்டுத் தம் ஆய்வினைக் கட்டுரையாக வெளியிட்டார்.

பத்தாண்டு உறக்கம்

ஆயினும் அக்கட்டுரையை அறிஞர் உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பூசணச் சாற்றினின்று பெனிசிலினைத் தனியே பிரித்தெடுக்கும் வகையைப் பிளெமிங்கும் அவர்தம் துணைவரும் அறியக்கூடவில்லை. பிரிக்க முயன்றபோது அது விரைவில் ஆற்றல் இழந்தது. நோயுற்ற விலங்குகட்கு அதனைச் செலுத்திக் குணமாகின்றதா என்று காணும் சோதனையையும் பிளெமிங் செய்யாது விட்டார். அரிய மருந்து ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் உறங்கிக் கிடந்தது. எனினும் அவர் அப்பூசணத்தை அழியவிடாமற் பாதுகாத்து வந்ததோடு, கேட்ட ஆய்வுக்கூடங்கட்கு வழங்கியும் வந்தார்.

உறங்கிய மருந்தைத் தட்டி எழுப்பியவர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆவர். ஆஸ்திரேலியாவிற் பிறந்த ஹோவர்டு புளோரி, ஜெர்மானிய நாட்டினின்று வந்து குடியேறிய எர்னஸ்ட் செயின், நுண்ணிய கைத்திறம் வாய்ந்த நார்மன் ஹீட்லி முதலியோர் ஒன்று கூடி உழைத்தனர். 1940ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், கொடிய கிருமிகள் செலுத்தப்பெற்ற எட்டுச் சுண்டெலிகளுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் அளித்தனர். மறுநாட் காலையில் மருந்து பெறாத நான்கும் இறந்து கிடந்தன. மருந்து பெற்றவை உயிருடன் இருந்தன.

1941ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முகத்திலும் தலையிலும் சீழ்பிடித்து, ஒரு கண்ணையும் இழந்து, சாவை எதிர்நோக்கிக் கிடந்த காவலர் ஒருவருக்கு அம்மருந்து அளிக்கப்பெற்றது. ஒரே நாளில் அவர் உடல்நிலை தேறத் தொடங்கியது, காய்ச்சல் தணிந்தது, உணவும் உட்கொண்டார். ஆனால் கையிருப்பில் இருந்த மருந்தோ மிகச் சிறிது. உடலிற் செலுத்திய பெனிசிலின் சிறுநீர் வழியாக விரைந்து வெளியேறுவதால், அச்சிறுநீரைச் சேர்த்து அதிலிருந்தும் மருந்தைப் பிரித்து மீண்டும் அளித்தனர். ஐந்து நாள்களில் அதுவும் தீர்ந்தது. கிருமிகள் முற்றும் அழிவதற்குள் மருந்து நின்றுவிட்டது. எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகின. மார்ச்சுத் திங்களில் அக்காவலர் உயிர் நீத்தார். பெனிசிலினின் ஆற்றலையும், அதனை இடையில் நிறுத்துவதால் வரும் கேட்டையும் ஒருங்கே உலகிற்குக் காட்டிய நிகழ்ச்சி இதுவாகும்.

1942ஆம் ஆண்டில் பிளெமிங்கின் நண்பர் ஒருவர் மூளையுறைக் காய்ச்சலால் துன்புற்றார். அவருடைய முதுகந்தண்டு நீரைச் சோதித்து, பெனிசிலினுக்கு அடங்கும் கிருமியே நோய்க்குக் காரணம் என்பதைப் பிளெமிங் முதலில் உறுதி செய்தார். பின்னர்ப் புளோரியிடம் வேண்ட, அவர் தம்மிடம் இருந்த மருந்தை மனமுவந்து அளித்தார். பிளெமிங் அதனை நோயாளியின் முதுகந்தண்டு நீரிலும் செலுத்தினார். இறக்கும் நிலையில் இருந்தவர் எழுந்து நடந்தார். இச்செய்தி நாடெங்கும் பரவியது. அமெரிக்க நாட்டில் பெருந்தொட்டிகளிற் பூசணம் வளர்த்து மருந்து செய்யும் முறை கண்டறியப்பெற்றது. 1944ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப்போரிற் காயமுற்ற வீரர்களுக்குப் போதிய அளவில் பெனிசிலின் கிடைக்கலாயிற்று.

மருந்தின் இயல்பும் பயனும்

நுண்கிருமிகளாகிய பாக்டீரியாக்களின் உடலைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்று உண்டு. கிருமி வளருங்கால் அச்சுவரையும் புதுக்கிக் கட்டுதல் வேண்டும். பெனிசிலின் அக்கட்டுமானத்தைத் தடை செய்கின்றது. சுவர் வலுவிழந்த கிருமி வெடித்து அழிகின்றது. மனித உடலின் அணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஆதலாலேயே அம்மருந்து கிருமியைக் கொன்று மனிதரைக் காக்கின்றது.

சளிக்காய்ச்சல், தட்டம்மை முதலிய நோய்களை விளைப்பவை பாக்டீரியாக்கள் அல்ல. அவற்றினும் மிக நுண்ணிய வைரஸ்கள் ஆகும். வைரஸ்களுக்கு இச்சுவர் இல்லாமையால் பெனிசிலின் அவற்றை ஒன்றும் செய்வதில்லை. பாக்டீரியாக்களுள்ளும் எல்லாம் அதற்கு அடங்குவன அல்ல. ஆகவே இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்று தேர்ந்து தருதல் மருத்துவர் கடமை. நோயாளி தாமே தேர்ந்து உண்ணுதல் தவறு.

பெனிசிலின் பெரும்பாலோர்க்கு இனிய மருந்தே. எனினும் சிலர் உடலுக்கு அஃது ஒவ்வாது. அவர்களுக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றும். அரிதாகச் சிலர்க்கு மூச்சுத்திணறி உயிருக்கே இடர் நேரும். முன்னர் ஒருமுறை அம்மருந்து ஒவ்வாதவர் அதனை மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும். குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களையும் இத்தகைய மருந்துகள் அழிக்க வல்லவை. அதனாற் சிலர்க்கு வயிற்றுப்போக்கு உண்டாதலும் உண்டு. பின்னாளிற் பெனிசிலினின் வழிவந்த அமாக்சிசிலின் முதலிய மருந்துகளுக்கும் இவை யாவும் பொருந்தும்.

அறிஞரின் எச்சரிக்கை

1944ஆம் ஆண்டில் ஆங்கில அரசு பிளெமிங்குக்குச் சர் பட்டம் அளித்தது. 1945ஆம் ஆண்டு மருத்துவத்திற்குரிய நோபல் பரிசு பிளெமிங், புளோரி, செயின் ஆகிய மூவருக்கும் பகிர்ந்து வழங்கப்பெற்றது. டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் சுவீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் பிளெமிங் தம் பரிசுச் சொற்பொழிவை ஆற்றினார். உலகமே தம்மைப் போற்றிய அவ்வேளையில் அவர் தம் மருந்தின் பெருமையை மட்டும் பேசி அமரவில்லை. அதற்கு வரக்கூடிய இடரையும் எடுத்துரைத்தார்.

கிருமிகளைக் கொல்லப் போதாத சிறு அளவில் பெனிசிலினைக் கொடுத்து வந்தால், அக்கிருமிகள் மருந்தைத் தாங்கும் வன்மை பெறுகின்றன என்பதை அவர் ஆய்வுக்கூடத்திற் கண்டிருந்தார். மருந்து கடைகளில் எளிதாகக் கிடைக்கும் காலம் வருமாயின், அறியாதார் குறைந்த அளவில் அதனை உண்டு, தம் உடலிலேயே அத்தகைய கிருமிகளை வளர்த்துவிடுவர் என்று அவர் அஞ்சினார். அதனை விளக்கக் கற்பனைக் கதை ஒன்றும் கூறினார். தொண்டைப்புண் கண்ட ஒருவர் தாமே பெனிசிலினை வாங்கிக் குறைவாக உண்கிறார். அவர் உடலில் வன்மை பெற்ற கிருமி அவர் மனைவியைப் பற்றுகின்றது. அவ்வம்மையாருக்கு நிமோனியா வர, பெனிசிலின் அளித்தும் பயனின்றி அவர் இறக்கின்றார். அச்சாவுக்குப் பொறுப்பு, மருந்தைத் தவறாகப் பயன்படுத்திய கணவரையே சாரும் என்பது பிளெமிங் உணர்த்திய கருத்து.

அவர் அஞ்சியது விரைவிலேயே நேர்ந்தது. 1948ஆம் ஆண்டளவில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் ஆராய்ந்த சீழ்க்கிருமிகளுள் பாதிக்கு மேற்பட்டவை பெனிசிலினுக்கு அடங்காதனவாய் இருந்தன. சில கிருமிகள் பெனிசிலினையே சிதைக்கும் பொருளை உண்டாக்கின. அவற்றை அடக்க அறிஞர் புதிய மருந்துகளைக் கண்டனர். நாளடைவில் கிருமிகள் அவற்றையும் எதிர்த்து நின்றன. இப்போராட்டம் இன்றும் ஓயவில்லை.

பிறர் உழைப்பால் வந்த புகழைப் பிளெமிங் தமதென்று கொள்ளவில்லை. பெனிசிலினை ஆக்கியது இயற்கை என்றும், தாம் தற்செயலாக அதனைக் கண்டவரே என்றும் அவர் அடக்கத்துடன் கூறுவதுண்டு. அம்மருந்திற்கு உரிமை கோரிப் பெரும்பொருள் ஈட்டவும் அவர் முனைந்தாரில்லை. 1955ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் இலண்டனில் அவர் மறைந்தார். அவர்தம் சாம்பல் தூய பால் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில், காளைப்போர் அரங்கின் முன்னர் அவருக்கு ஒரு சிலை உண்டு. காளையின் கொம்பு பட்ட காயத்திற் சீழ்பிடித்து இறவாமல் தம்மைக் காத்த அறிஞருக்கு அவ்வீரர்கள் செலுத்திய நன்றியின் அடையாளம் அது.

சிலை எழுப்புவது நன்றியின் ஒரு வகை. அவர் சொல்லிச் சென்றதைப் பின்பற்றுவது அதனினும் சிறந்த நன்றியாகும். மருத்துவர் எழுதித் தராமல் இத்தகைய மருந்தை வாங்காதிருத்தல், குறித்த அளவைக் குறித்த வேளையில் உட்கொள்ளுதல், காய்ச்சல் தணிந்தவுடன் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவர் குறித்த நாள் வரையில் உண்ணுதல், ஒருவருக்குத் தந்த மருந்தை மற்றொருவருக்குக் கொடாதிருத்தல் ஆகிய இவை சிறியோரும் செய்யத்தக்க எளிய செயல்கள். காவலர் ஒருவர் மருந்து போதாமையால் மாண்ட காலம் ஒன்று இருந்தது. மருந்து மிகுந்திருந்தும் அது பயன்படாமல் மக்கள் மாளும் காலம் வாராது தடுத்தல், பிளெமிங்கின் வரலாற்றைக் கற்போர் ஒவ்வொருவரின் கடமையாகும்.